கடலூரா, தூத்துக்குடியா: ஓர் இடமாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

சென்னையில் எங்கள் தெருவில் வெகுகாலம் குடியிருந்த ஒரு குடும்பம், கணவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் கடலோரச் சிறுநகரம் ஒன்றுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தது. பல ஊர்களைப் பேசிக் கழித்து, கடைசியில் நின்றவை இரண்டு: கடலூர், தூத்துக்குடி. நான் கட்டுமானத் தொழிலில் இருப்பவன். நான் அண்ணன் என்று அழைக்கும் அந்தக் கணவர், வீடு பார்க்கத் துணைக்கு வரும்படி கேட்டார். வீடு பார்க்கப் போன வேலை, போகப்போக ஊர் பார்க்கும் வேலையாகிவிட்டது. அவர்களின் சம்மதத்தோடு, பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, அந்தத் தேர்வு நடந்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

கடலோர ஊருக்குக் குடிபோக நினைப்பவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நம் கிழக்குக் கரையில் பார்க்க வேண்டிய திசை மேற்கு. ஊருக்குள் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

குடும்பமும் தேவையும்

வீட்டில் நான்கு பேர். அண்ணன், ஓய்வு பெற்ற ஆசிரியையான அண்ணி, எண்பது வயதைத் தாண்டிய அண்ணனின் அம்மா, மென்பொருள் வேலையில் இருக்கும் மகள். அம்மா இதய நோயாளி. சில மாதங்களுக்கு ஒருமுறை பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும். மகளுக்கு அலுவலகம் சென்னையில். வாரத்தில் பாதி நாள் அங்கே, மீதி வீட்டிலிருந்தே வேலை. சென்னை ஃபிளாட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் போகிற ஊரில் வாடகைக்கு இருப்பது, அப்புறம் ஊர் ஒத்துவந்தால் மனை வாங்குவது என்பது திட்டம்.

அண்ணிக்குப் பிறந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அவருடைய தம்பி குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அண்ணனுக்கோ கடலூர், பணிக்காலத்தில் சில ஆண்டுகள் இருந்த ஊர். ஆக இருவருக்கும் ஆளுக்கொரு ஊர்மேல் பாசம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எந்தப் பாசமும் இல்லாத ஊருக்கு இந்த வயதில் யாரும் போகத் தேவையில்லை.

காகிதத்தில் இரண்டு ஊர்களும்

மகள் ஒரு எக்செல் தாள் போட்டிருந்தாள். மருத்துவமனை, போக்குவரத்து, குடிநீர், வாடகை, வெயில், கடற்கரை, உறவினர் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் இரண்டு ஊர்களும் ஏறக்குறைய சமம்.

அந்தத் தாளில் இருந்த தகவல்கள் சரியானவை. தூத்துக்குடி பெரிய ஊர். 2011 கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை சுமார் 2.37 லட்சம், கடலூருக்கு 1.73 லட்சம். தூத்துக்குடி 2008-லேயே மாநகராட்சி, கடலூர் 2021-இல்தான் ஆனது. தூத்துக்குடியில் பெருந்துறைமுகம் இருக்கிறது. வாகைக்குளம் விமான நிலையத்தின் புது முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலையும் தொடங்கியது. இளையவர்களுக்கு வேலை தரக்கூடிய ஊர் என்று பார்த்தால் தூத்துக்குடி தெளிவாக முன்னே நிற்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே உண்டு. திருநெல்வேலி 50 கிலோமீட்டர்தான்.

கடலூரின் பலம் வேறு மாதிரி. சென்னை சாலை வழியே 190 கிலோமீட்டர் போல. காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். தூத்துக்குடியிலிருந்து என்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு, இல்லாவிட்டால் விமானம். புதுச்சேரி கடலூருக்கு 25 கிலோமீட்டர் அளவில்தான், அங்கே மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. தெற்கே சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது இப்போது அரசு மருத்துவக் கல்லூரி.

தாளில் பிழை இல்லை, ஆனால் அது தேர்வுக்கு உதவவில்லை. கடற்கரை நடைக்கும் இதய மருத்துவருக்கும் ஒரே பத்து மதிப்பெண் என்றால் கூட்டுத்தொகைக்கு அர்த்தம் கிடையாது. அதனால் வரிகளை இரண்டாகப் பிரித்தோம். பின்னால் பணத்தாலோ பழக்கத்தாலோ சரிசெய்துகொள்ளக் கூடியவை ஒரு பக்கம்: வெயில், கடினத் தண்ணீர், மகளின் பயணம், நல்ல மளிகைக்கடை. என்ன செய்தாலும் மாற்ற முடியாதவை மறுபக்கம்: நிலத்தின் உயரம், அதற்கு மேலே இருக்கும் ஆறும் குளமும், காற்றுவாக்கில் இருக்கும் தொழிற்சாலை, அவசரத்துக்குப் போகும் சாலை. இரண்டாவது பக்கத்தில் வந்தவை கொஞ்சம்தான். ஆனால் எக்செல் தாளில் அவற்றில் பாதிக்கு வரியே இல்லை.

தண்ணீர் வரும் திசை

இரண்டு ஊர்களின் வெள்ள வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று புரியும். சமீப ஆண்டுகளில் இந்த ஊர்களை மூழ்கடித்தது பெரும்பாலும் கடல் கிடையாது.

கடலூரிலிருந்து தொடங்குகிறேன். தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் சேருமிடத்தில் அமைந்த ஊர் இது. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எல்லாம் தாண்டி வருகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்தது கடலூரின் வடக்கு ஓரத்தில். குண்டு உப்பலவாடி, தாழங்குடா, நாணமேடு, உச்சிமேடு போன்ற ஆற்றோரப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம். புயல் கரையேறி முடிந்து, கடலூரில் மழை ஓய்ந்து, இனிப் பயமில்லை என்று இருந்த நேரத்தில் வந்த வெள்ளம் அது. 2021 நவம்பரிலும் இதே ஆறு இதே பகுதிகளுக்குள் வந்தது. உச்சிமேடு என்ற பெயரை நம்பி ஒருவர் மனை வாங்கியிருந்தால் அவர் கதி என்ன!

கடல் கடலூரைத் தொடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம் போன்ற மீனவ ஊர்கள் பட்ட பாடு இன்றும் பேசப்படுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. கடலூருக்கு ஆபத்து இரண்டு பக்கத்திலிருந்தும் வரும், அடிக்கடியும் வரும்.

தூத்துக்குடி நேர்மாறு. மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 65 சென்டிமீட்டர் போலத்தான் மழை, கடலூரில் அதன் இருமடங்கு. மழை குறைவு என்பதால்தான் இத்தனை உப்பளங்கள் அங்கே நடக்கின்றன. இலங்கை மறைத்துக்கொண்டு நிற்பதால் 2004-இலும் அங்கே பாதிப்பு மிகக் குறைவு. மன்னார் வளைகுடாத் தீவுகள் அலையின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. இதையெல்லாம் வைத்து அண்ணி, "எங்க ஊர்ல புயலும் கெடையாது, வெள்ளமும் கெடையாது" என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

2023 டிசம்பர் 17, 18 அந்த உறுதியைக் கலைத்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். அந்தப் பகுதியில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் – சென்னை ரயில் சுமார் 800 பயணிகளோடு ஒரு நாளுக்கு மேல் நின்றுபோனது. தூத்துக்குடி நகரத்தில் பெய்த மழை ஒருபுறம் இருக்க, மேற்கே கோரம்பள்ளம் குளம் உடைந்து தண்ணீர் நகரத்தை நோக்கி வந்தது. முத்தம்மாள் காலனி, தனசேகரன் நகர், ரஹ்மத் நகர் போன்ற பகுதிகளில் தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. திருநெல்வேலிச் சாலை அந்தோணியார்புரத்தில் அறுந்தது. ஊருக்குக் குடிநீர் கொடுப்பது தாமிரபரணிதான். வெள்ளத்தில் அந்தக் குழாய்களும் சேதமாகி, சுற்றிலும் தண்ணீர் நிற்க, குடிக்கத் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து மக்கள் நின்றார்கள்.

இந்த இடத்தில் நாங்கள் நின்று யோசித்தோம். அடிக்கடி வெள்ளம் வரும் ஊர் ஒன்று, எப்போதோ வந்து ஒரேயடியாக அடிக்கும் ஊர் இன்னொன்று. சாதாரணமாகப் பார்த்தால் இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும். நானும் அண்ணியின் பக்கம் சாய்ந்துதான் இருந்தேன். முடிவை மாற்றியது நிலத்தின் மேடு பள்ளம்.

ஊருக்குள் தெரு

குடிபோகிறவர் வாழப்போவது ஒரு தெருவில். ஊரின் சராசரி அவருக்குப் பொருந்தாது. தூத்துக்குடி தட்டையான ஊர். மேற்கே புதிதாக விரியும் நகர்கள் பலவும் பழைய ஓடைகளும் குளத்து உபரிநீர் வழிகளும் இருந்த தாழ்ந்த பரப்பில் இருக்கின்றன. பழைய நகரம், கடற்கரையை ஒட்டிய பகுதி ஓரளவு பரவாயில்லை. ஆனால் அங்கே எங்களுக்கு ஏற்ற வாடகை வீடு, அம்மா படியேறாமல் இருக்கத் தரைத்தளத்தில், கிடைக்கவில்லை. கிடைத்த தரைத்தள வீடுகள் எல்லாமே மேற்குப் பக்கம்.

அங்கே வீடு பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும், யாருக்காவது பயன்படும். புரோக்கரிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்பதில் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், பால் ஊற்றுகிறவர், தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், இவர்களிடம் கேட்க வேண்டும். "அண்ணாச்சி, அந்த டிசம்பர்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று அண்ணி கேட்டதும், ஒரு பெட்டிக்கடைக்காரர் கையை இடுப்புக்கு வைத்துக் காட்டினார். நாங்கள் பார்த்துவிட்டு வந்த வீடு அந்தக் கடைக்கு நேர் எதிரே.

கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சுவர் சொல்லும். புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தாலும் காம்பவுண்டுச் சுவரின் பின்பக்கம் தண்ணீர்க் கோடு இருக்கும். மின் மீட்டர் பெட்டியை எந்த உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பக்கத்து வீடுகளில் பேஸ்மட்டம் சாலையைவிட எத்தனை உயரம், புது வீடுகள் பழைய வீடுகளைவிட ஏன் இரண்டடி கூட ஏற்றிக் கட்டியிருக்கின்றன என்று பாருங்கள். சாலையை மீண்டும் மீண்டும் மேலே போட்டு உயர்த்தியதால் பள்ளத்தில் இறங்கிவிட்ட நல்ல வீடுகள் இரண்டு ஊர்களிலும் ஏராளம். அந்த வீடுகள் வெயில் காலத்தில் அழகாகவும் குறைந்த வாடகைக்கும் கிடைக்கும்.

கடலூரில் வேறு ஒரு வசதி இருந்தது. ஊரின் மேற்கே கேப்பர் மலை. பெயர்தான் மலை, செம்மண்ணும் மணற்கல்லும் சேர்ந்த மேட்டு நிலம், மத்தியச் சிறைச்சாலை இருக்கும் இடம் என்றால் எல்லோருக்கும் தெரியும். நிலவியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று அழைக்கும் அடுக்கு இது. ஆற்றுச் சமவெளியிலிருந்து நிலம் கண்ணுக்குத் தெரிய உயர்கிறது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசுத் தலைமை மருத்துவமனைக்குக் காரில் கொஞ்ச நேரப் பயணம்தான். கெடிலமும் தென்பெண்ணையும் ஒருசேரப் பொங்கினாலும் அந்த மேட்டைத் தொட வழியில்லை.

ஆகவே விசித்திரமான ஒரு நிலைக்கு வந்தோம். மொத்த ஊராகப் பார்த்தால் கடலூருக்கு ஆபத்து அதிகம். எங்களுக்குக் கிடைக்கக்கூடிய வீடுகளை மட்டும் பார்த்தால் கடலூர் வீடு பத்திரமானது. வீட்டுக்காகத்தான் முடிவெடுக்கிறோம் என்பதால் கடலூர்.

காற்று

இரண்டு ஊர்களிலும் தொழிற்சாலைகளைத் தவிர்க்க முடியாது. தூத்துக்குடியில் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையமும் துறைமுகத்து நிலக்கரியும் இருக்கின்றன. 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த ஊர் அது. அதன் பிறகு ஆலை மூடப்பட்டு, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத் திறக்க மறுத்தது. சுவாசிக்கும் காற்றுக்காக இத்தனை விலை கொடுத்த ஒரு நகரத்தில் வீடு தேடுகிறவர், காற்றைப் பற்றிக் கேட்காமல் இருப்பது தகாது.

கடலூரில் தெற்கே உப்பனாற்றங்கரையில் ரசாயன ஆலைகளின் சிப்காட் வளாகம். 2025 மே மாதம் அங்கே ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து குடிகாடு கிராமத்து வீடுகளுக்குள் சாயக் கழிவு புகுந்தது. அதனால் முதுநகருக்குத் தெற்கே சிதம்பரம் சாலையில் எவ்வளவு நல்ல வீடு கிடைத்தாலும் வேண்டாம் என்று முதலிலேயே விலக்கிவிட்டோம். இதயநோய் உள்ளவர் இருக்கும் வீட்டில் இதில் சமரசம் கூடாது.

உப்புக்காற்று பற்றி நண்பர்கள் நிறையப் பயமுறுத்தினார்கள். அது பணத்தால் சமாளிக்கக்கூடிய வரிசையில் வருகிறது. கீல், மின்விசிறி, ஏ.சி.யின் வெளிப்பெட்டி சீக்கிரம் துருப்பிடிக்கும், மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது தூணுக்குள் இருக்கும் கம்பி. கடற்காற்று நேரே படும் கட்டடத்துக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி குறைந்தது எம்-30 தர கான்கிரீட்டும் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும். கடற்கரைத் தெருக்களில் நான் பார்த்த பழைய வீடுகள் பலவற்றில் சன்ஷேடின் அடியில் கம்பி வெளியே தெரிந்தது. அப்படிப்பட்ட வீட்டை வாடகைக்கு எடுக்கலாம், விலைக்கு வாங்கக் கூடாது.

மனை வாங்கும்போது இன்னொன்றும் சேரும். கடலின் உயர்அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். உப்பங்கழி, முகத்துவாரம் இருந்தால் அவற்றின் கரைகளுக்கும் இது நீளும். நகரப் பகுதியில்கூட ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் கட்ட முடியும். பட்டாவும் வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருந்தால் போதாது. கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும், எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் பார்த்து, பக்கத்துச் சர்வே எண் ஓடை, குளம், வாய்க்கால் என்று பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனை விற்கிறவர்கள் அந்தப் பக்கத்தை நம்மிடம் காட்ட மாட்டார்கள்.

மருத்துவமனைக்குப் போகும் சாலை

கடலூரைத் தேர்ந்த பிறகும் ஒரு ஓட்டை இருந்தது. அதை மகள்தான் சுட்டிக்காட்டினாள். ஜிப்மர் பக்கத்தில் இருக்கிறது என்பது கடலூரின் பெரிய பலம் என்கிறோம். ஆனால் 2024 டிசம்பர் வெள்ளத்தில் கடலூர் – புதுச்சேரிச் சாலையே துண்டிக்கப்பட்டது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்களும் நின்றன. பாட்டிக்கு அந்த நாளில் நெஞ்சு வலித்தால் என்ன செய்வோம் என்று கேட்டாள். நல்ல கேள்வி.

பதில் இரண்டு பகுதியாக வந்தது. ஒன்று, வழக்கமான பரிசோதனைக்கு ஜிப்மர். ஆனால் அதன் அறிக்கைகளின் நகலோடு உள்ளூரில் ஒரு இதய மருத்துவரிடமும் பதிவு செய்து, அவரும் அம்மாவைத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். இரண்டு, தெற்கே சிதம்பரம் செல்லும் வழி. வடக்கே தென்பெண்ணை சாலையை அறுக்கும் நாளில் அது திறந்திருக்க வாய்ப்புண்டு. ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை வீட்டில் ஒரு மாத மருந்து இருப்பு. தூத்துக்குடியிலும் இதே நிலைதான் என்பதைச் சொல்ல வேண்டும். 2023-இல் திருநெல்வேலிச் சாலை அறுந்தபோது அங்கேயும் பெரிய மருத்துவ உதவிக்கு வெளியூர் போக வழி அடைந்தது. வித்தியாசம், தூத்துக்குடியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருப்பது. இந்த ஒரு வரியில் தூத்துக்குடிதான் ஜெயித்தது, நாங்கள் அதை மறைக்கவில்லை.

அண்ணியின் பக்கம்

இந்த ஆய்வில் எனக்குக் கடினமாக இருந்த பகுதி இது. எல்லாக் காரணமும் சொல்லி முடித்த பிறகு அண்ணி, "எல்லாம் சரி தம்பி, அங்க எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார். கட்டடக்காரனிடம் அதற்குப் பதில் இல்லை. வயதான காலத்தில் பக்கத்தில் ஒரு தம்பி இருப்பது, பனிமய மாதா கோயில் தேரோட்டத்துக்கு ஊரே திரளும்போது அதில் ஒருவராக நிற்பது, கடைத்தெருவில் யாராவது இன்னார் மகள் என்று அடையாளம் கண்டு பேசுவது, இவை மதிப்பெண்ணுக்குள் வராதவை. பணத்தால் சரிசெய்யவும் முடியாதவை. நாங்கள் பிரித்த இரண்டாவது பக்கத்தில்தான் அவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்று அண்ணி சொன்னார். அவர் சொன்னது நியாயம், அந்த வரியைச் சேர்த்தோம்.

சேர்த்த பிறகும் முடிவு மாறாததற்குக் காரணம் அம்மாவும் மகளும். மகள் வாராவாரம் வீட்டுக்கு வருவதும் மாதத்துக்கு ஒருமுறை வருவதும் ஒன்றாகாது என்பதை அண்ணியே எடைபோட்டு, கடலூருக்குச் சம்மதித்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: ஆண்டுதோறும் கோடையில் சில வாரம் தூத்துக்குடியில் தம்பி வீட்டில்.

இப்போது நிலவரம்

கேப்பர் மலைப் பக்கம் ஒரு தரைத்தள வீட்டில் அவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். கடற்கரை நடை வேண்டும் என்று கிளம்பிய குடும்பம் கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் விடிகாலையில் வண்டியெடுத்துத் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய் நடந்துவிட்டு, துறைமுகத்தில் மீன் வாங்கிக்கொண்டு வருகிறார். அம்மாவுக்கு உள்ளூர் மருத்துவர் பிடித்துப்போய்விட்டார். அண்ணிக்கு இன்னும் பேச்சுத்துணை அமையவில்லை. பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்.

மனை வாங்கும் பேச்சு ஒரு முழு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்த பிறகுதான் என்று ஒத்திவைத்திருக்கிறோம். இரண்டு மனைகள் பார்வையில் இருக்கின்றன. ஒன்று மேட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி. இன்னொன்று திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு அருகே, கெடிலத்துக்கு நடக்கிற தூரம். மழை வலுக்கும் நாட்களில் இரண்டு இடத்துக்கும் நேரில் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று படமெடுத்து அனுப்புவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். புலப்படத்தின் நகலுக்கு மனுப் போட்டாயிற்று.